நாய் நின்றால் நம்பு: கிரவுஸ், வுட்காக் வேட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களின் வடபகுதிக் காடுகளில், செப்டம்பர் நடுவில் தொடங்கி பனி மூடும்வரை, பழக்கிய நாயோடு காட்டுப் பறவை வேட்டைக்குப் போகும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. நானும் போகிறவன். என்னோடு வருவது ஒரு இங்கிலிஷ் செட்டர் பெட்டை. இங்கே வேலைக்கு வந்த நம் ஆட்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால், வழக்கமான கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பாயிண்டிங் நாய் என்றால் என்ன? மற்ற வேட்டை நாய் செய்யாத எதை இது செய்கிறது?

பறவையைத் துரத்தாது, பிடிக்காது. வாடை மூக்கில் பட்டதும் அப்படியே நின்றுவிடும். அந்த நிலைக்குத்தான் பாயிண்ட் என்று பெயர். பறவை தரையில் பதுங்கியிருக்கும். நாய் சற்றுத் தள்ளி, வாடை வரும் பக்கம் மூக்கை நீட்டியபடி அசையாமல் நிற்கும். நாம் நடந்து போய்ப் பறவையைக் கிளப்பவேண்டும். ஸ்பேனியல் மாதிரி நாய்கள் தாமே பாய்ந்து பறவையைக் கிளப்பிவிடும். அதனால் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே அவை வேலை செய்தாகவேண்டும். பாயிண்டிங் நாய்க்கு அந்தக் கட்டு இல்லை. நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் நாம் போய்ச் சேரும்வரை நிற்கும் என்று நம்பலாம்.

நிற்கும் குணம் பிறவியிலேயே வருவது. எட்டு வாரக் குட்டி ஒரு குச்சியில் கட்டிய இறகைப் பார்த்து நிற்பதை யாரும் பார்க்கலாம். நாம் சொல்லிக்கொடுப்பது, நின்றபடியே இருக்கும் பொறுமையை மட்டும்தான்.

எந்தப் பறவைகள்?

இரண்டு. ஒன்று ரஃப்டு கிரவுஸ். கவுதாரி, காடை, கோழி எல்லாம் சேர்ந்த வரிசையைச் சேர்ந்தது. அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை இருக்கும். சாம்பல் நிறத்திலும் செம்பழுப்பு நிறத்திலும் உண்டு. விசிறி மாதிரி விரியும் வாலின் ஓரத்தில் ஒரு கருப்புப் பட்டை. வருடம் முழுக்க இதே காட்டில்தான் வாழும். குளிர்காலத்தில் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலச் சிறு முட்கள் முளைத்து, பனிமேல் நடக்க உதவும். கடுங்குளிர் இரவில் மென்பனிக்குள் புகுந்து தூங்கும். வசந்தத்தில் ஆண் பறவை விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் நின்று இறக்கையைக் காற்றில் அடித்து ஒலி எழுப்பும். மெதுவாகத் தொடங்கி வேகமாகி முடியும் அந்த ஒலி காதில் கேட்பதைவிட நெஞ்சில் அதிகம் படும்.

இன்னொன்று அமெரிக்கன் வுட்காக். உள்ளான் குடும்பத்துப் பறவை. ஆண் நூற்றெழுபது கிராம் வாக்கில் இருக்கும், பெட்டை இன்னும் கொஞ்சம் கனம். நீண்ட அலகை ஈரமண்ணுக்குள் இறக்கி மண்புழு தின்னும். அலகின் நுனியை மண்ணுக்குள்ளேயே திறக்க அதனால் முடியும். தலை குனிந்து தின்னும்போதும் பின்னால் வருவது தெரியும்படி கண்கள் மண்டையில் பின்னுக்குத் தள்ளி அமைந்திருக்கும். இது வலசைப் பறவை. அக்டோபரில் வடக்கிலிருந்து இறங்கி லூசியானா பக்கம் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கும்.

இவற்றின் குணத்தில் உள்ள வித்தியாசம்தான் நாய்க்கு முக்கியம். வுட்காக் தன் நிறத்தை நம்பி உட்கார்ந்துவிடும். கிரவுஸ் எதையும் நம்பாது: நடந்து நழுவும், மரத்தில் ஏறும், நாய் ஒரு அடி கூடுதலாக வைத்தால் போய்விடும்.

பெரிய காட்டில் எங்கே தேடுவது?

பெரிய, பழைய, அழகான காட்டில் தேடாதீர்கள். உயர்ந்த மேப்பிள் மரங்களும் அடியில் வெறும் சருகும் இருக்கும் காடு நடக்க இதமாக இருக்கும், பறவை இருக்காது. நமக்கு வேண்டியது வெட்டி வளர்ந்த இளங்காடு, குறிப்பாக ஆஸ்பென்.

ஆஸ்பென் மரத்தை வெட்டினால் அதன் வேரிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். ஒரு ஏக்கரில் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக முளைக்கும். எட்டிலிருந்து இருபது வருடத்துக்குள் அவை கைத்தடி கனத்திலிருந்து மணிக்கட்டு, முழங்கை கனம்வரை பருத்து நிற்கும்போது, உள்ளே ஒரு பருந்து இறக்கையை விரிக்க முடியாது. கிரவுஸுக்கு அதுதான் கோட்டை. பக்கத்திலேயே முதிர்ந்த ஆஸ்பென்களும் வேண்டும். பனிக்காலம் முழுக்க அவற்றின் மொட்டுகளைத்தான் அது தின்று உயிர் வாழும். குஞ்சுகளுக்குப் பூச்சி நிறைந்த, இன்னும் இளசான வெட்டுப்பகுதி வேண்டும். ஆக, வெவ்வேறு வயதுக் காடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடமே நல்ல இடம். மின்னசோட்டாவில் கார்டன் கல்லியன் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார். காட்டைச் சிறு சிறு துண்டுகளாக, வெவ்வேறு ஆண்டுகளில் வெட்டவேண்டும் என்று இன்றைய வனத்துறைகள் செய்வதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு பெருமளவு இருக்கிறது.

நான் போனதும் முதலில் பார்ப்பது ஓரங்களை. ஆஸ்பென் இளங்காடு முடிந்து ஆல்டர் புதர்ச் சதுப்பு தொடங்கும் இடம். அங்கே முள் வைத்த ஹாதார்ன், சாம்பல் டாக்வுட் புதர், கைவிட்ட பண்ணையின் காட்டு ஆப்பிள் இருந்தால் மெதுவாக நடப்பேன். ஆல்டர் நிழலில் கருப்பு ஈரமண், அதன்மேல் சுண்ணாம்பைத் தெளித்தது போல வெள்ளை எச்சம், அலகு குத்திய பென்சில் கனத் துளைகள் தெரிந்தால் வுட்காக் அங்கே இரை தேடியிருக்கிறது. எச்சம் ஈரமாக இருந்தால் இன்னும் அங்கேதான் இருக்கும்.

இடம் பஞ்சமில்லை. மிச்சிகனில் ஹியூரான்-மனிஸ்டீ தேசிய வனம், மேல் தீபகற்பம் முழுக்கப் பரந்த மாநில வனங்கள், விஸ்கான்சினில் செக்வாமெகன்-நிக்கொலே, மின்னசோட்டாவில் சிப்பெவா, சுப்பீரியர் தேசிய வனங்கள். எல்லாம் பொது நிலம். மிச்சிகனில் வரிச்சலுகை பெற்ற தனியார் வணிகக் காடுகளிலும் நடந்து போய் வேட்டையாட அனுமதி உண்டு. விஸ்கான்சினின் பார்க் ஃபால்ஸ் என்ற சிற்றூர் தன்னை உலக ரஃப்டு கிரவுஸ் தலைநகர் என்றே சொல்லிக்கொள்கிறது.

இப்படிச் சுட்டால் பறவைகள் அழிந்துவிடாதா?

நியாயமான கேள்வி. நேரடியாகவே சொல்கிறேன்: இந்தப் பறவைகளைக் குறைப்பது இளங்காடு இல்லாமல் போவதுதான். வடக்கு மாநிலங்களில் கிரவுஸ் எண்ணிக்கை சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். வேட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறி இறங்கும். ஆனால் காடு வெட்டப்படாமல் மொத்தமாக முதிர்ந்துபோன இந்தியானாவில் பறவை ஏறக்குறைய மறைந்து, 2020-இல் மாநில அளவில் அழிவின் விளிம்பில் உள்ளது என அறிவிக்கப்பட்டது. பென்சில்வேனியாவின் மாநிலப் பறவையே கிரவுஸ்தான். அங்கே கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸும் சேர்ந்து அடித்தது. வுட்காக் 1968 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் கணக்கெடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கும் நீண்டகாலமாகச் சரிந்தே வருகிறது. இளங்காடு குறைவதே முதல் காரணம்.

வேட்டைக்காரர்கள் இதற்குப் பணம் தருகிறார்கள். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே போகிறது. 1961-இல் தொடங்கிய ரஃப்டு கிரவுஸ் சொசைட்டி காடு புதுப்பிக்கும் வேலையை நேரடியாகச் செய்கிறது.

அதற்காக எண்ணிக்கை இல்லாமல் சுடலாம் என்று இல்லை. ஒரு சிறு புதர்க்காட்டில் இரண்டு பறவை எடுத்தால் அந்த வருடம் நான் அங்கே திரும்பப் போவதில்லை.

எந்த இன நாய் நல்லது?

இங்கிலிஷ் செட்டர், இங்கிலிஷ் பாயிண்டர், பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு, ஜெர்மன் வயர்ஹேர்டு, கார்டன் செட்டர் என்று நிறைய உண்டு. எல்லாமே வேலை செய்யும். இனத்தைவிட, அப்பாவும் அம்மாவும் காட்டுப் பறவைமேல் வேலை செய்தவையா என்று பாருங்கள். முடிந்தால் அக்டோபரில் அந்தத் தாய் நாயோடு ஒரு காலை நடந்து பார்த்துவிட்டுக் குட்டி வாங்குங்கள். கண்காட்சியில் பரிசு வாங்கிய பரம்பரை இங்கே உதவாது.

எனக்குச் செட்டர் பிடிக்கும். வெள்ளை உடம்பு புதருக்குள் தெரியும், முடி முள்ளைத் தாங்கும், வீட்டுக்குள் அமைதியாகக் கிடக்கும். ஒவ்வொரு மாலையும் அந்த முடியிலிருந்து விதைமுள் பொறுக்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடவேண்டும்.

குட்டியை எப்படிப் பழக்குவது?

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இந்த வேலைக்கு முழுக்கப் பொருந்தும். முதல் வருடம் முழுவதும் குட்டிக்கு மூன்று விஷயம் போதும்: கூப்பிட்டால் வரவேண்டும், காடு பிடிக்கவேண்டும், பறவை என்றால் பைத்தியமாக வேண்டும்.

துப்பாக்கிச் சத்தத்தில் மிகக் கவனமாக இருங்கள். “சத்தம் பழகட்டும்” என்று குட்டியைச் சுடும் பயிற்சிக் களத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருமுறை சத்தத்துக்குப் பயந்த நாயை மீட்பது மிகக் கடினம், பல நாய்கள் மீளவே மீளாது. குட்டி ஒரு புறாவைத் துரத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, நல்ல தூரத்திலிருந்து, உதவியாள் ஒருவர் சின்ன வெற்றுத் தோட்டா வெடிக்கட்டும். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். சத்தம் என்றால் பறவை என்று அதன் மனதில் பதியவேண்டும்.

அடுத்தது ‘வோ’ என்ற கட்டளை. நில், அசையாதே என்று அர்த்தம். இதைப் பறவை இல்லாமல் வீட்டு முற்றத்தில், வாரில் கட்டி, தினமும் சில நிமிடம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். நாய் நிற்பதற்கும் சோறு வைப்பதற்கும் இடையில் ஒரு ‘வோ’ வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம்தான் புறா. ரிமோட்டில் திறக்கும் கூண்டுப்பெட்டிக்குள் புறாவை வைத்து, புல்லுக்குள் மறைத்து, காற்று குறுக்கே வரும்படி நாயைக் கொண்டுவரவேண்டும். வாடை பட்டு நாய் நின்றால் நாமும் நிற்போம். நாய் ஒரே ஒரு அடி முன்னே வைத்தாலும் பொத்தானை அழுத்திவிடவேண்டும், புறா பறந்துவிடும். திட்டக்கூடாது, கத்தக்கூடாது, வாயே திறக்கக்கூடாது. நெருங்கினால் பறவை போய்விடும் என்பதைப் பறவையே சொல்லிக்கொடுக்கட்டும். நாம் கத்தினால் நாய் நம்மைப் பார்த்துப் பயந்து நிற்கும். பறவை சொல்லிக்கொடுத்தால் பறவைக்காக நிற்கும். நாம் பக்கத்தில் இல்லாத காட்டில் இரண்டாவது வகை நாய்தான் நிலைத்து நிற்கும்.

கூண்டில் வளர்த்த காடையை இதற்கு வாங்கி விடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவை சரியாகப் பறக்காது. நாய் ஊர்ந்து போய்ப் பிடித்துவிடும். ஒரு தடவை பிடித்துவிட்டால் ஊர்ந்து போவது பலன் தரும் என்று கற்றுக்கொள்ளும். பிறகு கிரவுஸிடம் அதே வேலையைக் காட்டும்.

கடைசிப் பள்ளிக்கூடம் காட்டுப் பறவைதான். அதற்கு மாற்று கிடையாது. வுட்காக் பதுங்கி உட்காருவதால் இளம் நாய்க்கு அருமையான முதல் வாத்தியார். கிரவுஸைச் சரியாகக் கையாள நாய்க்கு மூன்று நான்கு பருவம் பிடிக்கும். கூடு கட்டும் காலத்தில் காட்டுப் பறவைகள்மேல் பயிற்சி கொடுப்பது தடை; மிச்சிகனில் ஏப்ரல் 16 முதல் ஜூலை 7 வரை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் விடியலில் துப்பாக்கி இல்லாமல் போய்வருவது நல்லது.

எலக்ட்ரானிக் காலர் பற்றியும் கேட்பார்கள். நாய்க்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளையைத் தூரத்திலிருந்து நினைவூட்ட, மிகக் குறைந்த அளவில் பயன்படுத்தலாம். பறவைக்குப் பக்கத்தில் ஒருபோதும் அழுத்தாதீர்கள். வலி பறவையிடமிருந்து வந்தது என்று நாய் நினைத்துவிட்டால், அடுத்த முறை பறவையின் வாடை வந்ததும் விலகிப் போகும்.

நாய் நின்றுவிட்டது. இப்போது நான் என்ன செய்யவேண்டும்?

முதலில் நாயைப் பாருங்கள். வால் விறைத்து மேலே நிற்கிறதா? தாடை ஓரம் லேசாக நடுங்குகிறதா? மூக்குத் துவாரம் மட்டும் விரிந்து சுருங்க, மற்ற உடம்பு கல்லாக இருந்தால் பறவை அருகில்தான். வால் மெதுவாக ஆடுகிறது, கண் உங்களைத் திரும்பிப் பார்க்கிறது என்றால் பறவை நடந்து நழுவிவிட்டது, அல்லது இருந்துவிட்டுப் போன வாடை. “போ” என்று விடுங்கள். நல்ல நாய் சில அடிகள் பூனை நடை நடந்து மறுபடி நிற்கும்.

பறவை இருக்கிறது என்றால், நாயின் பின்னாலிருந்து அதை உரசிக்கொண்டு போகாதீர்கள். நாய்க்குப் பதற்றம் வரும், போட்டி போடத் தோன்றும். பக்கவாட்டில் ஒரு வளைவாகச் சுற்றி, நாய் பார்க்கும் திசைக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளி வாருங்கள். அப்போது பறவை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும். வருவதற்கு முன்பே, துப்பாக்கியைச் சுழற்றக்கூடிய சிறு வெளி எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை நோக்கி நடங்கள்.

தயங்கித் தயங்கி நடக்காதீர்கள், ஓடவும் வேண்டாம். சீராக நடந்துவிட்டு, வெளி கிடைத்ததும் நில்லுங்கள். நடக்கும் மனிதனைப் பொறுத்துக்கொள்ளும் கிரவுஸ், நின்ற மனிதனைப் பொறுக்காது. அந்த நொடியில்தான் வெடிச்சத்தம் போல எழும்பும், எழும்பியதும் ஒரு மரத்தை உங்களுக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும். வுட்காக் என்றால் காலடியிலிருந்தே இறக்கை கீச்சிட மேலே ஏறி, மர உச்சியில் ஒரு கணம் தொங்கியது போல நின்று பிறகு பறக்கும். அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருங்கள்.

சருகைக் கூர்ந்து பார்த்து வுட்காக்கைக் கண்டுபிடிக்க முடியுமா? சில சமயம் முடியும். உடம்பு முழுக்கக் காய்ந்த இலையின் நிறம். கண் மட்டும் பெரிதாக, கருப்பாக, ஈரமாக மின்னும். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டால் சுற்றி இருக்கும் பறவை தானாக உருவாகி வரும்.

இரண்டு நாய் இருந்தால், ஒன்று நிற்பதைப் பார்த்ததும் மற்றதும் இருந்த இடத்திலேயே நிற்கவேண்டும். அந்த மரியாதை இல்லாத நாயை இன்னொருவர் நாயோடு சேர்த்து விடாதீர்கள்.

நாய் நிற்காமல் பறவையைக் கிளப்பிவிட்டது. எட்டும் தூரத்தில்தான் பறந்தது. சுடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு நாம் தரும் கூலி விழுந்த பறவை. நின்று காத்ததற்கு அது கிடைத்தால் நிற்கக் கற்றுக்கொள்ளும். விரட்டிக் கிளப்பியதற்கும் அதே கூலி கிடைத்தால் ஏன் நிற்கவேண்டும்? பழக்க வருடங்களாகும், கெடுக்க ஒரு காலை போதும். குறிப்பாக முதல் இரண்டு பருவத்தில், நாய் சரியாக நின்று காத்த பறவையை மட்டுமே சுடுங்கள். பறவை கிடைக்காத நாட்கள் நிறைய வரும். மூன்றாவது வருடம் அதன் பலன் தெரியும்.

இது நண்பர்களுக்கும் பொருந்தும். என் நாயோடு வருகிறவர்களிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: நாய் நிற்காத பறவைமேல் துப்பாக்கியைத் தூக்கக்கூடாது. ஒத்துக்கொள்ளாதவர் வேறு நாள் வேறு ஆளோடு போகட்டும்.

அடர்ந்த காட்டில் நாய் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

பழைய முறை கழுத்து மணி. மணி ஓடிக்கொண்டே இருக்கும்; நின்றுவிட்டால் நாய் நின்றுவிட்டது. கடைசியாகச் சத்தம் வந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு போகவேண்டும். இப்போது பெரும்பாலானோர் ஜிபிஎஸ் காலர் போடுகிறார்கள். நாய் நின்றதும் கையில் இருக்கும் கருவி அதிர்ந்து, திசையும் தூரமும் காட்டும். நான் இரண்டையும் போடுகிறேன். மணி கேட்க இனிமை. ஜிபிஎஸ் நாயைத் தொலைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரும்.

என்ன துப்பாக்கி, என்ன தோட்டா?

எடை குறைந்த இரட்டைக்குழல், 20 அல்லது 28 கேஜ் (குழலின் உள்ளகலத்தைக் குறிக்கும் எண்). நாள் முழுக்கக் கையில் சுமக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள். பெரும்பாலான பறவை இருபது கஜத்துக்குள்தான் இருக்கும், அதனால் குண்டு சீக்கிரம் விரியும் திறந்த சோக் (குழல் முனையின் குறுக்கம்) போதும். குண்டு அளவு 7½ அல்லது 8. வுட்காக் வலசைப் பறவை என்பதால், தொடர்ந்து சுடும் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு இருக்கவேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஈயத்துக்குப் பதில் ஸ்டீல் அல்லது பிஸ்மத் பயன்படுத்தினால் சாப்பாட்டில் ஈயத் துகள் பயம் இல்லை.

பயிற்சிக்கு, பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் களத்துக்குப் போங்கள். அந்த விளையாட்டே 1920-களில் மாசச்சூசெட்சில் கிரவுஸ் வேட்டைக்காரர்கள் தங்கள் பயிற்சிக்காக உருவாக்கியதுதான்.

பாதுகாப்புக்கு என்ன?

ஆரஞ்சு தொப்பியும் ஆரஞ்சு மேல்சட்டையும், நாய்க்கும் சேர்த்து. கண்ணாடி கட்டாயம் போடுங்கள். இந்தக் காட்டில் குச்சி கண்ணில் குத்துவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. விழுந்த மரத்தைத் தாண்டும்போதும் வேலியைத் தாண்டும்போதும் துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை வெளியே எடுங்கள். தாழப் பறக்கும் பறவையைச் சுடக்கூடாது, தரையில் இருக்கும் பறவையைச் சுடவே கூடாது. நாய் அங்கேதான் இருக்கும். கூட வருகிறவர் எங்கே என்று தெரியாவிட்டால் சுடாதீர்கள்.

பருவம் எப்போது? எத்தனை பறவை? விசாவில் இருக்கிறேன், போகலாமா?

மிச்சிகனில் கிரவுஸ் வழக்கமாகச் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 14 வரை. மான் வேட்டைக்காக நிறுத்திவிட்டு, டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மறுபடி. வடபகுதிகளில் ஒரு நாளைக்கு ஐந்து. வுட்காக் மொத்தம் 45 நாள், ஒரு நாளைக்கு மூன்று. ஒவ்வொரு வருடமும் அந்தந்த மாநிலத்தின் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள். என்னைக் கேட்டால் அக்டோபர் நடுதான் உச்சம்: இலை உதிர்ந்திருக்கும், வடக்கிலிருந்து குளிர்காற்று வந்த மறுநாள் வுட்காக் கூட்டமாக இறங்கியிருக்கும்.

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். மிச்சிகனில் 1960-இலும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோருக்கும். வுட்காக்குக்கு வலசைப் பறவைப் பதிவும் தனியாகச் செய்யவேண்டும்.

எச்1பி, எஃப்1 மாதிரி குடியேறாத விசாவில் இருப்பவர்கள் கவனியுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பர் துப்பாக்கியை ஐந்து நிமிடம் கையில் வாங்குவதும் இதில் அடங்கும் என்பதால், முதலில் பயிற்சி, உரிமம், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை, பிறகுதான் காடு.

நாய்க்கு என்ன ஆபத்துகள்?

முள்ளம்பன்றி. நாய் வாய் நிறைய முள்ளோடு வந்தால் பதறாதீர்கள். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன; அசைய அசைய உள்ளே போகும். நாயை அழுத்திப் பிடித்து, குறடால் அடியில் பற்றி நேராக இழுங்கள். முள்ளை நறுக்கினால் சுலபமாக வரும் என்பது தவறு. நாக்கிலும் தொண்டையிலும் இருந்தால் நேரே கால்நடை மருத்துவரிடம்.

பொறிகள். கழுத்தை இறுக்கும் இரும்புப் பொறிகள் சில காலங்களில் சட்டப்படியே காட்டில் வைக்கப்படும். அதைத் திறக்கும் முறையை வீட்டிலேயே பழகி, ஒரு கயிற்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். நாய் மாட்டினால் படித்துத் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது.

ஓநாய் இருக்கும் பகுதிகளில், புது எச்சமோ தடமோ பார்த்தால் வேறு இடம் போங்கள். உண்ணி லைம் நோயைப் பரப்பும். மாதாமாதம் மருந்தும், ஒவ்வொரு மாலையும் காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் தடவிப் பார்ப்பதும் அவசியம். விஸ்கான்சின், மின்னசோட்டா ஈரமண்ணில் பிளாஸ்டோமைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய் உண்டு. வேட்டைப் பருவத்துக்குப் பின் நாய் இருமினால், மெலிந்தால், எந்தக் காட்டில் ஓடியது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். செப்டம்பர் வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர்.

சுட்ட பறவை கிடைக்கவில்லை என்றால்?

தேடுங்கள். விழுந்த இடத்தில் தொப்பியைத் தொங்கவிட்டு, நாயைக் கூப்பிட்டு, சுற்றிச் சுற்றித் தேட விடுங்கள். இறக்கை மட்டும் அடிபட்ட கிரவுஸ் ஓடி, வேருக்கடியில் புகுந்துகொள்ளும். கிடைக்காத பறவையையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

சாப்பிட எப்படி இருக்கும்?

கிரவுஸ் மார்பு வெள்ளைக்கறி, கொழுப்பே கிடையாது. கோழியை வேகவைக்கும் நேரம் வைத்தால் நாராகிவிடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, புதிதாக இடித்த மிளகு போட்டு, மெல்லிய துண்டுகளாக அதிக சூட்டில் சட்டென்று புரட்டி எடுங்கள். வுட்காக் தலைகீழ்: மார்பு கருங்கறி, கால் வெள்ளை. ஈரல் வாசம் அடிக்கும். சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு ஒத்துவராது.

சுத்தம் செய்யும்போது கிரவுஸின் தீனிப்பையைக் கட்டாயம் திறந்து பாருங்கள். கழுத்தடியில் பந்து மாதிரி இருக்கும். உள்ளே நறுக்கி வைத்தது போல க்ளோவர் இலை, ஹாதார்ன் பழம், ஆஸ்பென் இலைத் துண்டுகள், எல்லாம் நிறம் மாறாமல் இருக்கும். நாளைக்கு எந்த மாதிரி இடத்தில் தேடவேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

விற்கக்கூடாது. காட்டுப் பறவைக் கறியை விற்பது குற்றம், விருந்து வைக்கலாம்.

இதை இந்தியாவில் செய்யலாமா?

முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை. வுட்காக்கின் யூரேசிய உறவு குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வருகிறது. அதைத் தேடி பைனாகுலரோடு போங்கள்.

எனக்குச் சுட விருப்பமில்லை. நாய் வேலை செய்வதைப் பார்க்க மட்டும் வரலாமா?

தாராளமாக. அதற்கு வசந்தத்தில் இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. மிச்சிகனில் பல பத்தாண்டுகளாக, அனுமதி பெற்ற தன்னார்வலர்கள் ஏப்ரல், மே மாதங்களில் பாயிண்டிங் நாயைக் கொண்டு வுட்காக் குஞ்சுகளைக் கண்டுபிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் போட்டு விடுகிறார்கள். இந்தப் பறவை எங்கே போகிறது, எவ்வளவு காலம் வாழ்கிறது என்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு இந்த வளையங்களிலிருந்து வந்தது.

இந்த வேலைக்கு மிகச் சிறந்த நாய்தான் லாயக்கு. தாய்ப்பறவை எழும்பி, அடிபட்டது போலத் தள்ளாடிப் பறந்து ஆசை காட்டும்போதும் நாய் ஒரு அடி எடுத்துவைக்கக்கூடாது. அதன் மூக்கின் முன்னே சருகுக்குள் வழக்கமாக நாலு குஞ்சுகள் ஒட்டிப் படுத்திருக்கும். நாயை வாரில் பிடித்தபிறகே வளையம் போடுகிறவர் குனிந்து, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுப்பார். அலகின் நீளத்தை அளந்து வயதை நாள்கணக்கில் சொல்லிவிடுவார்கள். போக ஆசையென்றால் மாநில வனத்துறை வழியாகவோ ரஃப்டு கிரவுஸ் சொசைட்டியின் உள்ளூர்க் கிளை வழியாகவோ மார்ச்சிலேயே கேட்டுவையுங்கள். முழங்கால்வரை பூட்ஸ் கொண்டுவாருங்கள். அந்தக் காலத்தில் ஆல்டர் காடு முழுக்கத் தண்ணீர் நிற்கும்.